டெஸ்க்டாப் கணினி ஆன் ஆக நெடுநேரம் பிடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டாப்களுக்கான பதில்கள் இவை. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பத்து வருடத்துக்கு முந்தைய எச்61, எச்81 வகை மதர்போர்டு காலத்துப் பெட்டிகளையும் கணக்கில் எடுத்திருக்கிறோம். மெனுப் பெயர்களைத் திரையில் உள்ளபடியே, தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

கணினி ஆன் ஆக எவ்வளவு நேரம் பிடித்தால் சரி, எவ்வளவு பிடித்தால் கோளாறு?

விண்டோஸ் எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிஸ்க்கில்) இருந்தால் பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பாஸ்வேர்ட் கேட்கும் திரை வரை 15 முதல் 40 வினாடி போதும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். டெஸ்க்டாப் வந்தபிறகு கணினி நிதானத்துக்கு வர மேலும் ஒன்றிரண்டு நிமிடம் கேட்கும். அது பழுதல்ல, அந்த டிஸ்க்கின் வேகமே அவ்வளவுதான்.

நேரத்தைவிட, அது எப்படிக் கூடியது என்பதைப் பாருங்கள். மூன்று நான்கு வருடங்களில் மெல்ல மெல்லக் கூடியிருந்தால் சுமை ஏறியிருக்கிறது. போன வாரம் ஒன்றரை நிமிடம், இந்த வாரம் ஆறு நிமிடம் என்றால் ஏதோ ஒரு பாகம் கெடுகிறது, அல்லது புதிதாக ஒன்று உள்ளே வந்திருக்கிறது. இரண்டாவது வகை என்றால் முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். சரிசெய்வதை அப்புறம் பார்க்கலாம்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நேரத்தை மூன்றாகப் பிரித்து அளப்பதிலிருந்து. கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும்.

முதல் கட்டம், பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் விண்டோஸின் சுழலும் புள்ளிகள் தோன்றும் வரை. இதில் விண்டோஸுக்குப் பங்கே இல்லை. மதர்போர்டின் பயாஸ் ராமையும் டிஸ்க்குகளையும் யுஎஸ்பி சாதனங்களையும் தேடிச் சோதிக்கும் நேரம் இது. இரண்டாவது கட்டம், புள்ளிகள் தோன்றியதிலிருந்து பாஸ்வேர்ட் திரை வரை. கெர்னலும் (விண்டோஸின் மையக்கரு) டிரைவர்களும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) சர்வீஸ்களும் (பின்னணி வேலைகள்) டிஸ்க்கிலிருந்து ஏறுகின்றன. மூன்றாவது, பாஸ்வேர்ட் கொடுத்ததிலிருந்து ஒரு பிரவுசர் சிக்கலில்லாமல் திறக்கும் வரை. தானாகத் தொடங்கும் செயலிகள், ஆன்டிவைரஸ், அப்டேட் எல்லாம் இங்கேதான் அடித்துக்கொள்கின்றன.

எந்தக் கட்டம் நீள்கிறது என்று தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முதல் கட்டம் நாற்பது வினாடி தின்கிறது என்றால் விண்டோஸை எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அந்த நாற்பது வினாடி அப்படியே இருக்கும்.

ஸ்டாப்வாட்ச் இல்லாமல் விண்டோஸே கணக்குச் சொல்லாதா?

சொல்லும், இரண்டு இடங்களில்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போனால் வலது மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று வினாடிக் கணக்கு இருக்கும். முதல் கட்டத்துக்கான அளவு அது. 10 வினாடிக்குள் இருந்தால் கவலை இல்லை. 25 வினாடியைத் தாண்டினால் பயாஸ் பக்கம் பார்க்க வேண்டும். பழைய லெகசி பயாஸ் முறையில் பூட் ஆகும் (விண்டோஸ் ஏறும்) கணினிகளில் இந்தக் கணக்கு வராது.

இரண்டாவது இடம் ஈவன்ட் வியூவர். ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்து அதைத் திறந்து, 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்', ஆப்பரேஷனல் என்று வரிசையாக இறங்குங்கள். எண் 100 உள்ள பதிவில் 'பூட் டியூரேஷன்' மில்லிவினாடியில் இருக்கும். 95000 என்றால் 95 வினாடி. டெஸ்க்டாப் வந்தபின் பின்னணி வேலைகள் அடங்கும் வரையான நேரமும் இதில் சேரும், ஆகவே உங்கள் ஸ்டாப்வாட்ச் கணக்கைவிடக் கூடுதலாகவே காட்டும். அருகிலேயே 101, 102, 103 எண்ணுள்ள பதிவுகள் இருந்தால் அவற்றை விடாமல் படியுங்கள். தாமதப்படுத்திய செயலி, டிரைவர், சர்வீஸ் எது என்பதை முறையே அவை பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். பலருக்கும் தெரியாத, ஆனால் மிக உபயோகமான மூலை இது.

டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஐந்து நிமிடம் அசைவில்லை. ஏன்?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து டிஸ்க் கோட்டைப் பாருங்கள். பிராசசர் 10, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் வினாடிக்கு 100 எம்பிக்கு மேலேயே தரும். ஆனால் விண்டோஸ் ஏறும்போது கேட்பது ஒரு பெரிய கோப்பை அல்ல, வட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை. ஒவ்வொரு துண்டுக்கும் படிக்கும் முனை நகர்ந்து, வட்டு சுழன்று வரும் வரை காத்திருக்க வேண்டும். வினாடிக்கு நூறு, நூற்றைம்பது துண்டுகளுக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. சாதாரண சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழக்கமான கேபிள் முறை) எஸ்எஸ்டி பல்லாயிரம் எடுக்கும். பிராசசரை மாற்றினாலும் இந்த இடைவெளி அடையாது.

அந்தப் பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்ற எண்ணையும் கவனியுங்கள். சுமை ஏறிய நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது சில பத்து மில்லிவினாடி இருக்கலாம். படிப்பதும் எழுதுவதும் மிகக் குறைவாக இருக்கும்போதே ஆயிரக்கணக்கில் தாவினால் டிஸ்க் நோயில் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் கெடுகிறதா, வெறுமனே மெதுவா என்று எப்படிப் பிரித்தறிவது?

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவேடு தெரியும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். நிறத்தோடு நிற்காமல் நான்கு வரிகளைப் படியுங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்து நிற்கும் பகுதிகள். சி6, திருத்தவே முடியாதவை. இம்மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூட் தாமதத்துக்கு மிக நெருங்கிய உறவு சி5: அப்படிப்பட்ட ஒரு பகுதியை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதுவரை விண்டோஸ் கல்லாய் நிற்கும்.

நான்காவது வரி சி7. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்த தடவைகள் அது. இந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். தளர்ந்த சாட்டா கேபிளை மாற்றினால் போதும். பழைய எண் குறையாது, இனி ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று பொருள்.

டிக் டிக் என்று சீரான சத்தம் வந்தால் மென்பொருள் சோதனை எதையும் ஓட்ட வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி போடலாம் என்றிருக்கிறேன். எங்கள் பழைய மதர்போர்டு ஏற்குமா?

பத்துப் பன்னிரண்டு வருடப் பெட்டிக்குக்கூட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். எச்61 சிப்செட்டில் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்பில்) இருப்பவை வினாடிக்கு 3 கிகாபிட் வேக சாட்டா போர்ட்கள். விளம்பரத்தில் சொல்லும் 550 எம்பி அதில் கிடைக்காது, பாதிதான் கிடைக்கும். அதனால் தயங்க வேண்டாம். பூட் வேகத்தை நிர்ணயிப்பது சிறு துண்டுகளை எடுக்கும் வேகம், அந்த லாபம் ஏறக்குறைய முழுசாகவே கிடைக்கும். எச்81 சிப்செட் தருவது 6 கிகாபிட் போர்ட் இரண்டு, 3 கிகாபிட் போர்ட் இரண்டு. எது எது என்று மதர்போர்டிலேயே அச்சிட்டிருக்கும், எஸ்எஸ்டியை வேகமானதில் சொருகுங்கள்.

எம்.2 துளை (கேபிளின்றி எஸ்எஸ்டியைச் சொருகும் இடம்) உள்ள புதிய மதர்போர்டு என்றால் சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போடலாம். வாங்குமுன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்: சில துளைகள் சாட்டா வகை எம்.2வை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும். வேறு சில மதர்போர்டுகளில் எம்.2வை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும்.

அளவு 256 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். 120 ஜிபி வாங்கினால் இரண்டு அப்டேட்டில் நிரம்பி, மறுபடி மெதுவாகும். பழைய கேபினட்டில் 2.5 அங்குல இருக்கை இல்லையென்றால் பிராக்கெட் வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் இருபுறம் ஒட்டும் டேப்பே போதும், உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) சாட்டா பவர் முனை மிச்சமில்லாதபோது நான்கு முள் மோலெக்ஸிலிருந்து மாற்றும் கேபிள் தருவார்கள். கம்பிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் வார்த்த மலிவான கேபிள்கள் உள்ளே உரசிச் சூடேறித் தீப்பிடித்ததுண்டு. கம்பிகள் வெளியே தெரிய அழுத்திப் பொருத்திய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பழையதை அப்படியே நகலெடுப்பதா, விண்டோஸைப் புதிதாகப் போடுவதா?

பழைய விண்டோஸ் ஒழுங்காக ஓடி, டிஸ்க்கும் நலமாக இருந்தால் குளோன் செய்யலாம். டிஸ்க்கில் கெட்ட பகுதிகள் இருந்தாலோ, விண்டோஸே கோளாறாக இருந்தாலோ புதிதாகப் போடுவதுதான் நல்லது. நோயையும் சேர்த்துக் குடிபெயர்ப்பதில் லாபம் இல்லை.

1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 256 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: கிளோன்ஜில்லா போன்ற மென்பொருள், போகும் டிஸ்க் சிறியதாக இருந்தால் வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். முதலில் படங்கள், வீடியோக்களை வேறிடம் நகர்த்தி, பயன்படும் அளவை 200 ஜிபிக்குள் கொண்டுவந்து, அளவைச் சுருக்கி நகலெடுக்கத் தெரிந்த மென்பொருளை எடுங்கள். சில எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்குக்கென அதை இலவசமாகவே தருகின்றன. குளோன் முடிந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு முதல் பூட்டைச் செய்யுங்கள்.

புதிதாகப் போடுவதென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் நிறுவல் வட்டு தயாரியுங்கள். நிறுவும்போது எஸ்எஸ்டி மட்டும் இணைந்திருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்திருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியிலும் பூட் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கிலும் போய் உட்கார வாய்ப்புண்டு. பிறகு என்றாவது அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கணினி ஏறாது, ஏன் என்றும் புரியாது. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது, ஆகவே டிஸ்க் மாற்றுவதால் ஆக்டிவேஷன் போகாது.

4 ஜிபி ராம் போதாதா?

போதாது. விண்டோஸும் ஆன்டிவைரஸும் ஏறிய உடனேயே முக்கால்வாசி நிரம்பிவிடும். பிரவுசர் திறந்ததும் மிச்சத்தை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலில் தள்ள ஆரம்பிக்கும். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க அதுவும் ஒரு காரணம். 8 ஜிபி ஆக்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பூட் வேகத்துக்கு முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ராம்.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். டிடிஆர்3 ராம் டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழையாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். அழுத்தித் திணிக்காதீர்கள்.

தானாகத் தொடங்கும் செயலிகளில் எதை நிறுத்தலாம்?

டாஸ்க் மேனேஜர் ஸ்டார்ட்அப் பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' நெடுவரிசையில் ஹை என்று இருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். மீட்டிங் செயலிகள், கேம் லாஞ்சர்கள், டாரென்ட், பிரிண்டர் உதவியாளர்கள், பிடிஎஃப் அப்டேட்டர், பாட்டுச் செயலி எல்லாவற்றையும் டிஸ்ஏபிள் செய்யலாம். செயலி அழியாது, நீங்கள் திறக்கும்போதுதான் திறக்கும். பிரிண்டரும் டிரைவர் இருக்கும்வரை அச்சடிக்கும்.

ஆன்டிவைரஸ், ஒலி டிரைவர், டச்பேட் அல்லது கிராஃபிக் டேப்லெட் டிரைவர், தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் மட்டும் ஒன்றை முழுதாக நீக்குங்கள். ஒரே கோப்பை இரண்டும் மாறி மாறிச் சோதிப்பதால் மூன்றாவது கட்டம் இரட்டிப்பாகும்.

இந்தப் பட்டியலில் தெரியாமல் ஒளிந்திருப்பவை உண்டு. அவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் சரியான கருவி. அதில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள், டிக்கை எடுங்கள், அழிக்காதீர்கள். கிராக் செய்த விண்டோஸ் என்றால் ஆக்டிவேட்டர் ஒன்று ஒவ்வொரு பூட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு வேறு என்ன ஓடுகிறது என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ரீஸ்டார்ட் செய்தால் ரொம்ப நேரம், ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் சீக்கிரம். இது கோளாறா?

இல்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுக்கும்போது கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுமுறை அதையே திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கும். டிஸ்க்கில் எழுதுவதால் இரவு யுபிஎஸ்ஸை அணைத்தாலும் பாதகமில்லை.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டிரைவர் குழம்பியிருந்தால் தினமும் ஷட்டவுன் செய்தும் அந்தக் குழப்பம் தொடர்ந்து வரும். எனவே கோளாறு தேடும்போது எப்போதும் ரீஸ்டார்ட் செய்துதான் சோதிக்க வேண்டும். சில கணினிகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பே தாமதத்துக்குக் காரணமாவதும் உண்டு. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' சென்று அதை நிறுத்தி, ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் கட்டமே, லோகோவிலேயே நின்றுவிடுகிறது. பயாஸில் என்ன செய்யலாம்?

பயாஸைத் தொடுமுன் யுஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் இருக்கட்டும். மறந்துபோன பென் டிரைவ், கார்டு ரீடர், வெளி ஹார்ட் டிஸ்க் இவற்றில் பூட் கோப்பு தேடியே பயாஸ் அரை நிமிடம் கழிக்கும். மாற்றம் இல்லையென்றால் கேபினட்டைத் திறந்து, விண்டோஸ் இல்லாத இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் கழற்றிச் சோதியுங்கள். எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை இதுதான்: படங்கள் வைத்திருக்கும் பழைய டிஸ்க் சாகக் கிடக்கும், அது பதில் சொல்லும்வரை பயாஸும் விண்டோஸும் காத்திருக்கும்.

பிறகு ஆன் ஆனதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கட்டும். நெட்வொர்க் பூட் அல்லது பிஎக்ஸ்இ என்பது எனேபிள் என்றிருந்தால் நிறுத்துங்கள். ஃபாஸ்ட் பூட் இருந்தால் எனேபிள் செய்யுங்கள். சாட்டா மோடை (டிஸ்க்கோடு பேசும் முறையை) மட்டும் மாற்றாதீர்கள், ஐடிஇ என்றிருப்பதைத் தயாரிப்பில்லாமல் ஏஎச்சிஐ ஆக்கினால் நீலத்திரைதான் வரும். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு பயாஸில் இறங்குங்கள்.

டிடிஆர்5 ராம் உள்ள புதிய ஏஎம்டி ஏஎம்5 கணினி என்றால் கதை வேறு. ராம் மாற்றியதும் முதல் பூட்டில், ராமுக்கு ஏற்ற அமைப்பைக் கண்டறியும் பயிற்சி என்ற பெயரில் பல நிமிடம் திரை கறுப்பாக இருக்கும். பயந்து பவரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அப்படி என்றால் பயாஸை அப்டேட் செய்து, 'மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்' என்பதை எனேபிள் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்கிறது, தேதியும் மாறிவிடுகிறது.

மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி. மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். மாற்றியபின் பயாஸில் தேதியையும் பூட் வரிசையையும் மறுபடி அமைக்க வேண்டும்.

பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. சில நாள் ஃபேன் சுற்றியும் திரை வருவதில்லை.

இரண்டு தனிக் கோளாறுகள். முதலாவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். உள்ளே கெப்பாசிட்டர் வயதாகி, முதல் தடவையில் வோல்டேஜ் நிலைக்காமல் போகிறது. வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிச் சோதிப்பதே வழி. அதைத் திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டாவதற்கு ராமைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்து, ராமின் தங்கநிறப் பட்டைகளை மென்மையான அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் துணியால் துடைத்து, இருபுறமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

கரண்ட் போய் வந்தபிறகு 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்' என்று நிற்கிறது.

எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் கோப்பு அட்டவணையைச் சரிபார்க்கிறது. ஒருமுறை முழுதாக ஓட விடுங்கள், பெரிய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில்கூட ஆகலாம். நடுவில் அணைப்பதுதான் தவறு. கரண்ட் போகாமலே தினமும் இது வந்தால் மேலே சொன்ன சி5 வரியைப் பாருங்கள்.

பிரீஃபெட்ச் கோப்புகளை அழிப்பது, எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸின் அமைப்புக் கருவி) பிராசசர் எண்ணிக்கையைக் கூட்டுவது எல்லாம் பலன் தருமா?

தராது. பிரீஃபெட்ச் என்பதே விண்டோஸ் வேகமாக ஏறுவதற்காக எழுதிவைக்கும் குறிப்பு. அழித்தால் அடுத்த சில பூட்கள் இன்னும் மெதுவாகும். எம்எஸ்கான்ஃபிக்கில் உள்ள எண், பிராசசர் கோர்களைக் குறைத்துச் சோதிப்பதற்கானது. அதைத் தொடாவிட்டால் விண்டோஸ் எல்லாக் கோர்களையும்தான் பயன்படுத்துகிறது. விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேகம் தருவதில்லை, அவையே ஸ்டார்ட்அப் பட்டியலில் ஏறிக்கொள்கின்றன. எஸ்எஸ்டிக்குப் பழைய முறை டிஃபிராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும்) மென்பொருள் வேண்டாம்.

சி டிரைவில் 15 முதல் 20 சதவீதம் காலியாக வைத்திருப்பது மட்டும் உண்மையிலேயே உதவும்.

கடையில் ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

டிஸ்க்கும் ராமும் நலம், முதல் கட்டமும் சீக்கிரம் முடிகிறது, சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் முறையில்) மட்டும் வேகமாக ஏறுகிறது என்றால் கோளாறு மென்பொருளில்தான். ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' சென்று, ரீஸ்டார்ட் ஆனதும் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு வரும். அப்போதும் உடனே ஃபார்மட் வேண்டாம். நிறுவல் பென் டிரைவை விண்டோஸ் ஓடும்போதே திறந்து செட்அப்பை இயக்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால் விண்டோஸ் மட்டும் புதுப்பிக்கப்படும்.

சாகும் ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட் அடித்தால் இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான், கோப்புகளும் போயிருக்கும். கடைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் மூன்று கட்டங்களின் நேரத்தையும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையின் படத்தையும் காட்டிப் பேசுங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் பெட்டியில் ஒட்டிய சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்து, கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு திரும்ப வாங்கி வாருங்கள்.